பெயின்ட் அடிக்க சதுர அடிக்கு 14 ரூபாய்... எந்தச் சதுர அடி?

“அண்ணே, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும். எவ்ளோ ஆகும்?”

“சதுர அடிக்குப் பதினாலு ரூபா ஆகும் தம்பி. லேபர் மட்டும்.”

ஊத்துக்கோட்டை பஜாரில் ஆகட்டும், கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம் பக்கம் ஆகட்டும், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. வீட்டுக்காரர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார்: ‘நம்ம வீடு 500 சதுர அடி. 14 ரூபாய் என்றால் 7,000. பரவாயில்லையே!’ மேஸ்திரியும் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். அவர் கணக்கில் அதே வீட்டுக்கு வருவது 28,000 ரூபாய். அட்வான்ஸ் கைமாறுகிறது, வேலை தொடங்குகிறது. கடைசி நாளில் சண்டையும் தொடங்குகிறது.

இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் தரையைக் கணக்குப் போட்டார், இன்னொருவர் சுவரைக் கணக்குப் போட்டார். பெயின்டிங் செலவில் வரும் பெரும்பாலான மனக்கசப்புக்கு விலை காரணம் இல்லை, இந்தப் பேசாத கணக்குதான் காரணம். அதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டால் வீட்டுக்காரரின் பணமும் மிஞ்சும், பெயின்டரின் கூலியும் மிஞ்சும்.

(இதில் வரும் விலைகள் கணக்கைப் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட மாதிரி விலைகள். உங்கள் ஊர்க் கடையிலும் மேஸ்திரியிடமும் விசாரித்த விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.)

தரை 500, சுவர் 2,000

ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹால் 16-க்கு 12 அடி. படுக்கையறை இரண்டு: ஒன்று 12-க்கு 10, இன்னொன்று 10-க்கு 10. சமையலறை 10-க்கு 8. உயரம் எல்லா இடத்திலும் 10 அடி. இந்த நாலு இடத்தின் தரை அளவு 492 சதுர அடி.

இப்போது சுவர். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கினால் ஒரு அறையின் நாலு சுவரும் வந்துவிடும். ஹாலுக்கு 560, படுக்கையறைகளுக்கு 440, 400, சமையலறைக்கு 360. மொத்தம் 1,760 சதுர அடி. மேலே சீலிங் 492. கூட்டினால் 2,252. கதவு, ஜன்னல், சமையலறை டைல்ஸுக்காக ஒரு 250 கழித்தால் மிச்சம் ஏறக்குறைய 2,000 சதுர அடி.

அதாவது தரையைப் போல நாலு மடங்கு. சின்னச் சின்ன அறைகள் உள்ள வீட்டில் இந்த மடங்கு கூடும். பெரிய ஹால் உள்ள வீட்டில் குறையும். ஃபோனில் கால்குலேட்டரும் கையில் ஒரு டேப்பும் இருந்தால் இருபது நிமிட வேலை. மேஸ்திரி வருவதற்கு முன்பே இதை முடித்து வைத்திருப்பது நல்லது.

கதவு, ஜன்னலைக் கழிக்க வேண்டுமா?

அடுத்த சண்டை இங்கேதான். “ஜன்னல் இருக்கிற இடத்துல பெயின்ட் எங்கண்ணே அடிச்சீங்க?” என்பார் வீட்டுக்காரர். “ஜன்னலைச் சுத்தி உள்பக்கம் அடிச்சேனே தம்பி, அதுக்கு யாரு கொடுப்பா?” என்பார் மேஸ்திரி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் கட்டட வேலைகளை அளப்பதற்கென்றே ஐஎஸ் 1200 என்ற தர விதிகளை வைத்திருக்கிறது. அதன் 13-ம் பகுதி வெள்ளையடிப்பு, டிஸ்டம்பர், பெயின்டிங் வேலைகளுக்கானது. அதன்படி அரை சதுர மீட்டர் வரை, அதாவது ஐந்தரை சதுர அடிக்குள் இருக்கும் திறப்புகளைக் கழிப்பதில்லை. வென்டிலேட்டர் போன்றவை இதில் வரும். அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை உள்ள கதவு, ஜன்னலுக்கு, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். உள்விளிம்பைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. வீட்டுக்காரருக்கும் பாதகம் இல்லை, பெயின்டருக்கும் நஷ்டம் இல்லை.

மரக் கதவு, ஜன்னல் சட்டம், கிரில், கேட் எல்லாம் எனாமல் வேலை. அவை சுவர்க் கணக்கில் வராது. “எல்லாம் சேர்த்துத்தானே சொன்னீங்க?” என்று கடைசியில் கேட்பதைவிட, ஒரு கதவுக்கு இவ்வளவு, ஒரு கிரில்லுக்கு இவ்வளவு என்று முதலிலேயே தனித்தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

புதுச் சுவர், அல்லது பழைய பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து செய்கிற சுவர் என்று வைத்துக்கொள்வோம். பட்டி இரண்டு கோட், பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். 2,000 சதுர அடிக்குக் கணக்கு இப்படி வரும்:

- பட்டி 40 கிலோ மூட்டை 5 (மூட்டை 900 ரூபாய்): 4,500
- பிரைமர் 20 லிட்டர் பக்கெட் 1: 2,500
- சாதா எமல்ஷன் 30 லிட்டர் (லிட்டர் 180 ரூபாய்): 5,400
- உப்புத்தாள், பிரஷ், ரோலர், டேப், தரையில் விரிக்கும் ஷீட்: 1,500
- கூலி, சதுர அடிக்கு 14 ரூபாய்: 28,000

மொத்தம் 41,900 ரூபாய். இதில் கூலி மட்டும் மூன்றில் இரண்டு பங்கு.

லிட்டர் 550 ரூபாய் விலையுள்ள உயர்ரக எமல்ஷன் போட்டால் மொத்தம் 53,000 ஆகும். வித்தியாசம் 11,100 ரூபாய். பெயின்ட் விலை மூன்று மடங்கு ஏறியும் மொத்தச் செலவு கால் பங்குக்குச் சற்று மேல்தான் ஏறுகிறது. கழுவக்கூடிய, கறை துடைக்கக்கூடிய ரகம் வேண்டும் என்றால் ஹாலுக்கும் குழந்தைகள் அறைக்கும் மட்டும் அதைப் போட்டு, சீலிங்குக்கும் மற்ற அறைகளுக்கும் சாதா ரகம் போதும் என்று முடிவு செய்யலாம்.

பழைய சுவர் நன்றாக இருந்து, விரிசல் உள்ள இடத்தில் மட்டும் பட்டி பார்த்து, மேலே இரண்டு கோட் அடிக்கிற ‘ரீபெயின்ட்’ வேலை என்றால் கணக்கே வேறு. கூலி சதுர அடிக்கு 8 ரூபாய் என்றால் 16,000. பட்டி ஒரு மூட்டை, கொஞ்சம் பிரைமர், எமல்ஷன், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து 8,500. மொத்தம் 24,500 ரூபாய்.

ஒரே வீடு, ஒரே நிறம். செலவு 24,500-ல் இருந்து 53,000 வரை போகிறது. ‘பக்கத்து வீட்ல பாதி விலைக்கு முடிச்சாங்க’ என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரியும். அவர்கள் செய்தது எந்த வேலை என்று கேட்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

கூலியைக் குறைத்தால் எங்கே குறையும்?

28,000 ரூபாய் கூலி அதிகமா? இதைச் சரிபார்க்க எளிய வழி, ஆள் நாள் கணக்கு. பட்டி இரண்டு கோட், நடுவில் காய விட்டு உப்புத்தாள் தேய்ப்பது, பிரைமர், எமல்ஷன் இரண்டு கோட் என்று இரண்டு பேர் செய்தால் இந்த வேலை ஏறக்குறைய 12 நாள் பிடிக்கும். அதாவது 24 ஆள் நாள். 28,000-ஐ 24-ஆல் வகுத்தால் ஒரு ஆளுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 1,170 ரூபாய். ஏணி, சாரம், போக்குவரத்து, மேஸ்திரியின் பங்கு எல்லாம் அதற்குள்தான்.

இதையே ‘18,000-க்கு முடிச்சுக் கொடுங்க’ என்று பேரம் பேசி இறக்கினால் ஒரு ஆளுக்கு 750 ரூபாய்தான் வரும். அந்தக் கூலிக்கு 12 நாள் நின்று செய்ய யாராலும் முடியாது. அதனால் வேலை 8 நாளில் முடியும். பட்டி இரண்டு கோட்டுக்குப் பதில் ஒன்றாகும். முதல் கோட் காய்வதற்கு முன்பே அடுத்தது ஏறும். டப்பாவில் போட்டிருக்கும் அளவைவிடக் கூடுதலாகத் தண்ணீர் கலக்கும். அன்றைக்குப் பார்த்தால் சுவர் பளிச்சென்றுதான் இருக்கும். அடுத்த மழைக்காலம் முடியும்போது பொரிந்து உதிரும்.

பேரம் பேசக் கூடாது என்பதில்லை. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் வேலையையும் சேர்த்துப் பேச வேண்டும். சீலிங்குக்குப் பட்டி வேண்டாம், ஸ்டோர் ரூமுக்கு ஒரு கோட் போதும் என்று நீங்களே குறைத்தால், எது குறைந்தது என்று உங்களுக்குத் தெரியும். வேலையைச் சொல்லாமல் பணத்தை மட்டும் குறைத்தால், எதைக் குறைப்பது என்பதைப் பெயின்டர் முடிவு செய்வார்.

சாமான் யார் வாங்குவது?

‘மெட்டீரியலோட’ என்று மொத்தமாக விடுவது அலைச்சல் இல்லாத வழி. ஆனால் எந்த கம்பெனி, எந்த ரகம், எத்தனை லிட்டர் என்று எழுதாவிட்டால் சீல் உடைத்த பக்கெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க முடியாது. தானே வாங்கினால் ரகம் உறுதி. ஆனால் குறைந்தால் ஓட வேண்டும், மிஞ்சினால் வீணாகும். கலர் மெஷினில் கலந்து வாங்கிய பெயின்ட்டைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை.

இன்னொரு விஷயமும் வாடிக்கையாளர்களில் பலருக்குத் தெரியாது. பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கான டோக்கன் வருவது இந்தத் தொழிலில் பல ஆண்டுப் பழக்கம். இப்போது அது ஃபோனில் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடாகவும் மாறியிருக்கிறது. பெயின்டர் ஒரு கம்பெனியை அழுத்திச் சொன்னால் அதற்குப் பின்னால் அனுபவமும் இருக்கலாம், டோக்கனும் இருக்கலாம். இதில் ரகசியமோ குற்றமோ இல்லை. “டோக்கன் உங்களுக்கே இருக்கட்டும்ணே, ரகம் மட்டும் நான் சொல்றதை வாங்குங்க” என்று நேராகப் பேசிவிட்டால் இருவருக்கும் நல்லது.

பில் கேளுங்கள். பெயின்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து 2018 ஜூலையில் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கடை பில்லில் இந்த வரி இருக்கும். தனியாகத் தொழில் செய்யும் பெயின்டரின் ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் என்றால் அவர் ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லை. கூலிக்கு வரி கேட்கவும் முடியாது. ‘டெக்கரேட்டர்’ என்று கம்பெனியாக வருபவர்கள் பதிவு பெற்றிருந்தால் 18 சதவீதம் சேரும். 40,000 ரூபாய் எஸ்டிமேட்டில் அது 7,200 ரூபாய். ‘வரி உள்பட’ என்ற இரண்டு வார்த்தையை எழுதி வாங்க மறக்க வேண்டாம். டெக்ஸ்சர், வால்பேப்பர், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் தனித்தனி வேலை. அவற்றுக்கு எஸ்டிமேட்டும் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

ஓதம் ஏறிய சுவரும் மழைக்காலமும்

ஆரணி ஆற்றங்கரை ஊர் ஊத்துக்கோட்டை. மேலே ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணை திறந்தால் இங்கே ஆறு பெருகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தை எப்படி நனைத்தது என்பதும் மறந்திருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது முடிந்து பொங்கலுக்குள் எல்லோருக்கும் வீடு வெள்ளையாக வேண்டும். சுண்ணாம்பில் நீலம் கலந்து வீட்டு ஆட்களே அடித்த காலத்திலிருந்து வரும் பழக்கம். இன்று அதே மூன்று வாரத்துக்குள் எல்லோரும் பெயின்டரைத் தேடுவதால் கூலியும் ஏறும், அவசரமும் ஏறும், சுவரில் ஈரமும் இருக்கும்.

ஈரச் சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் நிற்காது. அடிச்சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால், முதலில் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பாத்ரூம் குழாய்க் கசிவா, மொட்டை மாடி விரிசலா, வெளியே தேங்கும் மழைநீரா என்று பார்த்துச் சரிசெய்து, காறையைக் கொத்திப் பூசி, காய விட வேண்டும். புதுப் பூச்சு என்றால் ஒரு மாதமாவது காயணும். இந்தச் செலவு பெயின்டிங் எஸ்டிமேட்டில் வராது. ஆனால் இதைத் தவிர்த்தால் பெயின்டிங் செலவே தண்டம்.

பொங்கல் கட்டாயம் இல்லை என்றால் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இந்தப் பக்கத்துக்கு வசதியானவை. சுவர் காய்ந்திருக்கும், ஆளும் கிடைப்பார். சித்திரை, வைகாசி வெயிலில் வெளிச்சுவர் அடிக்க வேண்டியிருந்தால் காலையிலும் மாலையிலும் மட்டும் வேலை நடக்கட்டும். கொதிக்கிற சுவரில் பெயின்ட் சட்டென்று காய்ந்து ஒட்டாமல் போகும். சாரத்தின் மேல் நிற்கிற மனிதருக்கும் அது நல்லதில்லை.

வாடகை வீடா? அட்வான்ஸில் கழிப்பது யார் பணம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட், சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி என்று வேலைக்குப் போகிற இளைஞர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயின்டிங் செலவு வருவது வீடு காலி செய்யும் நாளில். ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது தமிழகம் முழுக்க உள்ள வழக்கம்.

தமிழ்நாட்டில் நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பெயின்டிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். அதனால் குடிவரும் நாளிலேயே அந்த வரியைப் படித்து, பேசி, மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ள வேண்டும். அன்றைக்கே எல்லா சுவரையும் ஃபோனில் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், காலி செய்யும்போது அதுவே சாட்சி.

ஆணி அடித்துக் காறை பெயர்ந்தது, குழந்தை கிறுக்கியது போன்றவை வேறு. அந்தச் சுவரைச் சரிசெய்ய என்ன ஆகும் என்று மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்த்து, அதைக் கொடுப்பது நியாயம். ஒரு சுவருக்கு ஆன சேதத்துக்கு ஒரு மாத வாடகை என்பது கணக்கு ஆகாது.

தூசிக்கும் ஒரு விலை உண்டு

வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் கொண்டுவரப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பழைய எனாமலில் ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. பழைய கதவையும் கிரில்லையும் உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பறக்கும். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆபத்து. ஈரம் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாளில் குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தேய்க்கிறவருக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். இந்தத் தூசியை அவர் வருஷம் முழுக்கச் சுவாசிக்கிறார்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. பெயின்டர்களும் அதில் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று அதில் பலன்கள் உண்டு. இரண்டாவது மாடி வெளிச்சுவருக்கு ஆளை ஏற்றும் முன், “வாரிய அட்டை இருக்காண்ணே?” என்று கேட்பது அத்துமீறல் ஆகாது. இல்லை என்றால் பதிவு செய்யச் சொல்லி நினைவூட்டலாம்.

ஒரு தாள் போதும்

அரசுக் கட்டடங்களுக்குப் பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் விலை விகிதப் பட்டியல் வெளியிடுகிறது. பெயின்டரின் தினக்கூலி முதல் ஒரு சதுர மீட்டர் பூச்சு வரை அதில் விலை உண்டு. சொந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவருக்கும் அடிக்கிற பெயின்டருக்கும் அப்படி எதுவும் கையில் இல்லை. அந்தப் பட்டியலை வீட்டு வேலைகளுக்கு ஏற்றபடி எளிய தமிழில் சுருக்கி, தொழிலாளர் நலத் துறையோ பேரூராட்சிகளோ ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட்டால் அரசுக்குப் பெரிய செலவில்லை. அதுவரை இரண்டு தரப்பும் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை இவை: அளந்த சுவரின் சதுர அடி. பட்டி, பிரைமர், எமல்ஷன் ஒவ்வொன்றும் எத்தனை கோட். கம்பெனி, ரகம், நிறத்தின் கோடு எண். சாமான் யார் பொறுப்பு. கதவு, கிரில் தனி விலை. சாரம், ஓதச் சுவர், குப்பை அள்ளுவது யார் செலவு. எத்தனை நாள். பணம் எப்போது எவ்வளவு: சாமானுக்கும் தொடக்கத்துக்கும் ஒரு பகுதி, பட்டி முடிந்ததும் ஒரு பகுதி, பகல் வெளிச்சத்தில் பார்த்து முடித்தபின் மிச்சம். ஒவ்வொரு கோட் முடிந்ததும் ஒரு போட்டோ.

தாளை ஃபோட்டோ எடுத்து இருவர் வாட்ஸ்அப்பிலும் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன சின்ன வீட்டில் அந்தத் தாளின் முதல் வரி ‘சுவரும் சீலிங்கும் 2,000 சதுர அடி’ என்று இருந்திருந்தால், 7,000-மா 28,000-மா என்ற பேச்சு முதல் நாள் டீக்கடையிலேயே முடிந்திருக்கும்.